கேள்வி – பதில்: குழாய்க்குப் பின்னால் இருக்கும் நீர்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நீரைப் பற்றியும் அதைக் காப்பதைப் பற்றியும் எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டிருக்கின்றன. ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாணவியும் எழுதியிருக்கிறாள். எல்லாக் கேள்விகளும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பூமியில் உள்ள நீரில் 97 விழுக்காடு உப்பு நீர் என்று ஒவ்வோர் ஆண்டும் ஏழாம் வகுப்பில் நடத்துகிறேன். பிள்ளைகள் தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் அவர்கள் மனத்தில் எதையும் அசைப்பதாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– அறிவியல் ஆசிரியை, பெரம்பூர்

பதில்: எண்ணை அவர்கள் கண்ணால் பார்க்கும் அளவாக மாற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் அளவுக் குவளையை நிரப்பி, பூமியில் உள்ள நீர் முழுவதும் இதுதான் என்று சொல்லித் தொடங்குங்கள். உண்மையில் அது ஏறத்தாழ 138 கோடி கன கிலோமீட்டர். அதிலிருந்து 25 மில்லிலிட்டரை மட்டும் ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் ஊற்றிக்கொண்டு, மீதியில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். கடல் நீரின் உப்பு ஏறத்தாழ அந்த அளவுதான். தனியே எடுத்த 25 மில்லிலிட்டர் உலகின் நன்னீர். அதிலும் 17 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமானது அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் உயர்ந்த மலைகளிலும் பனியாக உறைந்து கிடக்கிறது. ஏறத்தாழ ஏழரை மில்லிலிட்டர் நிலத்தடியில் இருக்கிறது. உலகின் நன்னீர் ஏரிகளும் ஆறுகளும் எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கில் ஒன்றிரண்டு சொட்டுகளே. அந்தச் சொட்டை ஒரு மாணவரையே மை நிரப்பியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் விடச் சொல்லுங்கள். ஆசிரியர் விடுவதைவிட வகுப்புத் தோழர் விடுவதைப் பிள்ளைகள் கூர்ந்து பார்ப்பார்கள்.

ஆனால் அந்தச் சொட்டோடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொட்டைக் காட்டி அச்சமூட்டுவது எளிது. அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. ஆறுகளில் எந்த ஒரு நொடியிலும் நிற்கும் நீர் ஏறத்தாழ 2,000 கன கிலோமீட்டர்தான் என்றாலும், அவை ஓராண்டில் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நீர் ஏறத்தாழ 40,000 கன கிலோமீட்டர். அதாவது அந்தச் சொட்டில் ஆறுகளுக்கு உரிய பங்கு ஆண்டுக்கு இருபது முறை போல வடிந்து, அத்தனை முறையும் மழையால் மீண்டும் நிரம்புகிறது. கையிருப்பு எவ்வளவு என்பதும், வரத்து எவ்வளவு என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று ஏழாம் வகுப்பிலேயே புரிந்துகொண்ட பிள்ளைக்கு, பிற்காலத்தில் நீரைப் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் குழப்பம் வராது.

அதே வேறுபாட்டை நம் ஊர்க் கணக்கிலும் காட்டலாம். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி என்பவை சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு பழைய நீர்த்தேக்கங்களின் முழுக் கொள்ளளவு, கூட்டினால் 11,257. ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் அளவில் வழங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, நான்கும் நிரம்பியிருந்தால் எத்தனை நாட்களுக்கு வரும் என்று வகுப்பையே கணக்கிடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 318 நாட்கள் என்று விடை வரும். பிறகு, வெயிலில் ஆவியாகிப் போவதை நாம் கணக்கில் சேர்க்கவில்லையே என்று அவர்களில் ஒருவர் கேட்கும்வரை காத்திருங்கள். நீர்த்தேக்கங்களின் அன்றாட இருப்பைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து வகுப்பறைச் சுவரில் வரைபடத்தாளில் புள்ளி வைத்துவந்தால், ஜூன் முதல் மார்ச் வரை அந்தக் கோடு இறங்கி ஏறுவதே ஒரு பாடமாகிவிடும்.

கேள்வி: தண்ணீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகத் திரும்பி வந்துவிடுகிறது என்று படித்தோம். பூமியில் உள்ள தண்ணீரின் அளவு குறைவதே இல்லை என்று மிஸ் சொன்னார்கள். அப்படியானால் தண்ணீரை ஏன் சேமிக்க வேண்டும்?
– எட்டாம் வகுப்பு மாணவி, அம்பத்தூர்

பதில்: மகளே, உன் மிஸ் சொன்னதும் சரி, உன் ஐயமும் சரி. பெரியவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கடந்து போய்விடுகிறார்கள். நீ நின்று கேட்டிருக்கிறாய்.

பூமியின் மொத்த நீர் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நீயும் நானும் குடிப்பது பூமியின் மொத்த நீரை அல்ல. இந்த ஊரில், இந்த மாதத்தில், குடிக்கத்தக்க தூய்மையோடு கிடைக்கும் நீரை மட்டுமே. நீர்ச்சுழற்சி நீரைத் திருப்பித் தருகிறது என்றாலும், எடுத்த இடத்திலேயே, எடுத்த வேகத்திலேயே திருப்பித் தருவதாக அது யாருக்கும் வாக்களிக்கவில்லை. கடலிலிருந்து ஆவியாகும் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. எனவே உங்கள் தெருவிலிருந்து சாக்கடை வழியாகக் கூவத்துக்கும், அங்கிருந்து வங்கக் கடலுக்கும் போய்ச் சேர்ந்த ஒரு குடம் நீர் மறுபடியும் அம்பத்தூரில் மழையாகப் பெய்யும் என்று காத்திருக்க முடியாது.

காலமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. காற்றில் ஆவியாக இருக்கும் நீர் சராசரியாக ஒன்பது நாட்களில் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடும். கடலுக்குள் சேர்ந்த நீர் அங்கே சராசரியாக மூவாயிரம் ஆண்டுகள் தங்குகிறது. ஆழத்தில் உள்ள நிலத்தடி நீரில் சில நூற்றுக்கணக்கான, சில ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறங்கியவை. அப்படிப்பட்ட நீரை ஒரு கோடையில் இறைத்துவிட்டால், அது நிரம்புவதற்கு அடுத்த மழைக்காலம் போதாது.

இனி, உன் வீட்டில் உள்ளவர்களிடம் இரண்டு ஆண்டுகளைப் பற்றிக் கேள். 2015ஆம் ஆண்டு நவம்பரில் மட்டும் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. டிசம்பர் முதல் நாளில் பெய்த பெருமழையில் அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், அதே நகரத்தின் நான்கு நீர்த்தேக்கங்களிலும் சேர்த்துக் கொள்ளளவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீர் இருந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து இருபத்தைந்து லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. இந்த நான்கு ஆண்டுகளில் பூமியின் மொத்த நீர் குறைந்துவிடவில்லை. பெய்தபோது தேக்கிவைக்க இடம் இல்லாமலும், நிலத்துக்குள் இறங்க வழி இல்லாமலும் போன நீர், தேவைப்பட்டபோது நம்மிடம் இல்லை. சேமிப்பது என்று பெரியவர்கள் சொல்லும்போது, குழாயை இறுக மூடுவதோடு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு 'எங்கள் வீட்டு நீர்' என்ற தலைப்பில் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் இருக்கிறது, மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறது, கோடையில் லாரித் தண்ணீரும் வாங்குகிறோம். இணையத்திலிருந்து படங்களை எடுத்து ஒட்டிக் கொடுப்பதைத் தவிர வேறு எப்படிச் செய்யலாம்?
– இல்லத்தரசி, ஆதம்பாக்கம்

பதில்: ஒரே கட்டடத்துக்குள் மூன்று வகை நீர் வந்து சேர்கிறது என்பதே உங்கள் மகனுக்கு வாய்த்த நல்ல பொருள். முதலில் அவன் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, மாடியில் உள்ள தொட்டியிலிருந்து தொடங்கிக் குழாய்களைப் பின்பற்றிக் கீழே வரச் சொல்லுங்கள். எந்தக் குழாய் சம்ப்பிலிருந்து ஏறுகிறது, எது போரிலிருந்து ஏறுகிறது, மோட்டார் நாளுக்கு எத்தனை முறை ஓடுகிறது என்பதெல்லாம் உங்கள் குடியிருப்பின் காவலாளிக்கும் குழாய் வேலை பார்ப்பவருக்கும் நன்றாகத் தெரியும். அவர்களிடம் மரியாதையோடு கேட்டு எழுதிக்கொள்ளப் பழகுவது இந்தச் செயல்திட்டத்தின் முதல் பயன்.

அடுத்து, ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் தட்டுகளில் போர்த் தண்ணீர், மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் ஆகியவற்றைச் சம அளவில், அரைக் குவளை போதும், ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். நான்காவது தட்டில் மழை நீர் கிடைத்தால் இன்னும் நல்லது. நீர் முழுவதும் வற்றிய பிறகு தட்டுகளில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவத்தை அவனே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மழை நீர்த் தட்டு ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும்; போர்த் தண்ணீர்த் தட்டில் விரலால் சுரண்டும் அளவுக்குப் படிவம் இருக்கலாம். குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்வதன் பொருள் அப்போது அவனுக்குத் தானாக விளங்கும்.

உங்கள் பகுதியின் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் அவன் தெரிந்துகொள்ளலாம். பரங்கிமலை, கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் சிறிது ஆழத்திலேயே கடினப் பாறை தொடங்கிவிடுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். மணலில் துகள்களுக்கு இடையே எங்கும் நீர் தேங்கும். பாறையில் வெடிப்புகளுக்குள் மட்டுமே இருக்கும். பக்கத்து வீட்டு போரில் நீர் வர, உங்கள் போர் வறண்டுபோவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மெட்ரோ வாட்டர் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் அவன் வரைய வேண்டிய வரைபடம் வெகு தொலைவுக்கு நீளும். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வருகிறது. நெம்மேலியில் கடல் நீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. 1983இல் ஆந்திரத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) வரை கிருஷ்ணா நீர் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வர வேண்டும். அந்தக் கிருஷ்ணா பிறப்பது மகாராட்டிரத்தின் மகாபலேசுவர மலையில். அங்கே பெய்த மழையில் ஒரு பங்கு சென்னைப் பிள்ளைகளின் குவளைக்கு வந்து சேர்கிறது என்பதை அறிந்த சிறுவன் அந்தக் குவளையைச் சற்று வேறு விதமாகத்தான் பார்ப்பான்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர் வரும். சிதறுவதும் ஆவியாவதும் போக ஒரு லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் எட்டு நிரம்பும். உங்கள் குடியிருப்பின் மாடிப் பரப்பை அளந்து, கோடையில் வாங்கிய லாரிகளின் எண்ணிக்கையோடு அவனே ஒப்பிடட்டும். அதன் பிறகு, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. அமைப்பு இருக்கிறதா என்பதோடு, குழியில் உள்ள சல்லியும் மணலும் கடைசியாக எப்போது அள்ளிக் கழுவப்பட்டன என்பதையும் அவன் கேட்க வேண்டும். பல கட்டடங்களில் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை அவனே எழுந்து கேட்கட்டும்.

கேள்வி: நிலத்தடி நீர் என்றால் பூமிக்கு அடியில் ஓடும் ஆறு என்றே என் மாணவர்கள் நினைக்கிறார்கள். கடல் நீர் உள்ளே புகுவதைப் பற்றிச் சொன்னால் இன்னும் குழம்புகிறார்கள். ஆய்வகக் கருவிகள் அதிகம் இல்லாத எங்கள் பள்ளியில் இதை எப்படிக் காட்டுவது?
– பட்டதாரி ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நன்றாகக் கழுவிய பருமணல், சிறு சல்லி, கைகழுவும் திரவப் புட்டியின் பம்ப் ஒன்று, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மை – இவை போதும். பெட்டியின் ஒரு பக்கத்தில் மணலை உயரமாகவும் மறுபக்கத்தை நோக்கிச் சரிவாகவும் நிரப்புங்கள். மணல் மேட்டின்மேல் நீரைத் தெளித்தால் அது துகள்களின் இடைவெளிகளில் இறங்கித் தேங்குவது பக்கவாட்டில் தெரியும். ஆறு எதுவும் ஓடவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மணலின் ஓரிடத்தில் களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி அதன்மேல் நீர் ஊற்றினால், அங்கே இறங்காமல் நிற்பதையும் பார்க்கலாம். மழை பெய்தவுடன் சில தெருக்களில் மட்டும் நீர் வடியாமல் நிற்பதற்கு உள்ள காரணங்களில் அதுவும் ஒன்று.

இனி, சரிவின் தாழ்ந்த பக்கத்தில் உப்பும் மையும் கலந்த நீரை ஊற்றுங்கள், அது கடல். பம்பின் குழாய் முனையில் மெல்லிய துணியைக் கட்டி, மணலுக்குள் செருகுங்கள். அது ஆழ்துளைக் கிணறு. மெதுவாக இறைத்து, மேலே அவ்வப்போது நீர் தெளித்துக்கொண்டிருந்தால் தெளிந்த நீர் வரும். தெளிப்பதை நிறுத்திவிட்டு வேகமாக இறைத்தால், நிற நீர் மணலுக்குள் ஊர்ந்து வந்து சிறிது நேரத்தில் பம்பில் ஏறுவதை வகுப்பு முழுவதும் காணும். அதன்பின் இறைப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் நன்னீரைத் தெளியுங்கள். நிறம் எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். சோதனையின் முதன்மையான பகுதியாக நான் கருதுவது இதைத்தான். நேரம் போதவில்லை என்று இதை விட்டுவிடாதீர்கள்.

எட்டாம் வகுப்புக்கு ஒரு படி மேலே போகலாம். கடல் நீர் நன்னீரைவிடச் சற்றே எடை மிகுந்தது. அதன் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைப் போல் ஏறத்தாழ 1.025 மடங்கு. அதனால் கரையோர நிலத்தில் நன்னீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியானால் மேலே ஓர் அடி குறையும்போது, அடியிலிருந்து உப்பு நீர் 40 அடி எழும்பி வர இடம் கொடுக்கிறோம். உங்கள் பள்ளிக்கு வடக்கே உள்ள மீஞ்சூர்ப் பகுதியில் பல ஆண்டுகளாக அளவுக்கு மீறி இறைத்ததன் விளைவாகக் கடல் நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் புகுந்ததை 1960களின் இறுதியிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். பெட்டியில் பார்த்தது பாடநூலுக்காகச் செய்த வேடிக்கை அல்ல, பக்கத்து ஊரில் நடந்தது என்று மாணவர்கள் உணர்வது நல்லது.

கேள்வி: பிள்ளைகளை ஓர் ஏரிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். வெறும் சுற்றுலாவாக முடிந்துவிடாமல் எதைக் காட்ட வேண்டும்?
– தலைமையாசிரியர், தாம்பரம்

பதில்: உங்களைச் சுற்றி ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமை இருக்கிறது, தொலைவு போக வேண்டியதில்லை. ஏரியைப் பார்த்தவுடன் நீர்ப்பரப்பைக் காட்டாதீர்கள். நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள். வரத்துக்கால்வாயைத் தேடிக் கண்டுபிடித்து, கரைமேல் நடந்து மதகைப் பார்த்து, அது எந்த நிலத்துக்குப் பாய்ந்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சொல்லச் செய்து, கடைசியாகக் கலங்கலுக்கு வாருங்கள். கலங்கலின் உயரந்தான் ஏரியின் நிறைவளவைத் தீர்மானிக்கிறது. அதைத் தாண்டி வழிவது போக்குக்கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. இப்படி ஓர் ஏரியின் உபரி மற்றோர் ஏரியின் வரவாக அமைந்த தொடரை நம் முன்னோர் நிலத்தின் சரிவை அளந்து அமைத்தார்கள். தொடரில் ஒரு கால்வாயை மட்டும் மண்மூடினால், மேலே உள்ள ஏரி ஊருக்குள் வழிகிறது, கீழே உள்ள ஏரி வறண்டு கிடக்கிறது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே காரணம் இருக்க முடியும் என்பதை வகுப்பறையில் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட, அடைபட்ட ஒரு கால்வாயின் முன்னே நிற்க வைத்து எளிதாக விளக்கிவிடலாம்.

ஏரியாக இருந்து இப்போது இல்லாமல் போனவற்றையும் சொல்லுங்கள். இன்று தியாகராய நகர் இருக்கும் நிலத்தின் பெரும்பகுதி, மயிலாப்பூர் முதல் நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் பரப்பு. 1920களில் அதன் நீரை வடித்துவிட்டுத்தான் அந்த நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் ஏரிப் பகுதி என்ற பெயரும், மேற்கு மாம்பலத்தில் ஏரி பார்க்கும் சாலை என்ற பெயரும் இன்னும் வழங்குகின்றன.

மற்றொரு நாள் பள்ளிக்கரணைக்குச் செல்லலாம். 2022இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது. தென்சென்னையின் மழை நீரை வாங்கித் தேக்கி, ஒக்கியம் மடு வழியாகக் கோவளம் முகத்துவாரம் நோக்கி மெல்ல விடுவது அதன் வேலை. முன்பு இருந்த பரப்பில் ஒரு சிறு பங்கே இப்போது எஞ்சியிருக்கிறது. பிப்ரவரிக் காலையில் போனால் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் காணலாம். அதே இடத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கையும் காணலாம். இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள். பறவையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்புவது பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடுவதாகும் என்பது என் கருத்து.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மழைக்காலத்தில் கரை வழுக்கும், எனவே ஜனவரிக்குப் பிறகு போங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்கட்டும். யாரும் நீரில் இறங்கக் கூடாது, ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் கூடாது, ஏனெனில் மண் தோண்டிய பள்ளங்கள் மேலிருந்து தெரிவதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியின் தேசியப் பசுமைப்படையில் உலக நீர் நாளான மார்ச் 22 அன்று ஒவ்வோர் ஆண்டும் சுவரொட்டிப் போட்டியும் உறுதிமொழியும் நடத்துகிறோம். இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?
– பொறுப்பாசிரியை, ராயபுரம்

பதில்: உறுதிமொழிக்கு முன்னால் அளவெடுப்பை வையுங்கள். பள்ளியில் உள்ள எல்லாக் குழாய்களையும் பிள்ளைகள் எண்ணி, ஒழுகும் குழாய்களின்கீழ் அளவுக் குவளையைப் பத்து நிமிடம் வைத்து, நாளுக்கு எவ்வளவு என்று கணக்கிடட்டும். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேலும், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேலும் வீணாக்கும். அந்தப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, எத்தனை குழாய்கள் சரிசெய்யப்பட்டன என்று அடுத்த மாதம் மீண்டும் எண்ண வேண்டும். அந்த இரண்டாவது எண்ணிக்கை இல்லாவிட்டால் முதல் எண்ணிக்கையால் பயன் இல்லை.

பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவையும் அளவுகோலையும் வைத்து மழைமானி அமைக்கலாம். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாள் என்று கணக்கிடுகிறது. உங்கள் பிள்ளைகளும் அதே நேரத்தில் அளந்தால், மையம் வெளியிடும் நுங்கம்பாக்கம் அளவோடு ராயபுரத்தின் அளவை ஒப்பிடலாம். பள்ளியில் திறந்த கிணறு இருந்தால், வலை போட்டு மூடியிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, ஆசிரியர் ஒருவர் மாதந்தோறும் கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளக்க, மாணவர்கள் பதிவு செய்யலாம்.

கழிவுநீரையும் மறக்காதீர்கள். குளித்த நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, எங்கிருந்து வருகிறது என்பதற்கு உள்ள அதே மதிப்பு உண்டு. உங்கள் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கொடுங்கையூரிலும், கோயம்பேட்டிலும், சுத்திகரித்த கழிவுநீரை மேலும் தூய்மைப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் வழங்கும் நிலையங்கள் 2019 முதல் இயங்குகின்றன. ஏரி நீரைக் குடிப்பதற்கு விட்டுவைக்க இது ஒரு வழி.

உணவைப் பற்றியும் பேசலாம். உலகில் மனிதர் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக 2,500 லிட்டர் அளவிலும், ஒரு பருத்திச் சட்டைக்கு 2,700 லிட்டர் அளவிலும் நீர் தேவைப்படுவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மதிய உணவில் எஞ்சிக் கொட்டப்படும் சோற்றை ஒரு வாரம் எடைபோட்டால் பிள்ளைகளே பெருக்கிக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நகரத்தின் நீர்ப் பஞ்சத்துக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பல் துலக்கும்போது குழாயைத் திறந்து வைத்ததே காரணம் என்பது போன்ற எண்ணத்தை அவர்கள் மனத்தில் ஏற்றாதீர்கள். வீட்டுக் குழாயை மூடுவது நல்ல பழக்கம், அது வேண்டும். ஆனால் ஏரியை நிரப்பிக் கட்டடம் கட்டியது அவர்கள் அல்லர். உடைந்த குழாயைப் பற்றி மாநகராட்சி உறுப்பினருக்கோ குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்கோ தேதி, இடம், அளவு ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதவும், பதில் வராவிட்டால் நினைவூட்டவும் கற்றுக்கொடுத்தால், அது குடிமக்களாக அவர்கள் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தும் கல்வி.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா என்று என் மகள் கேட்கிறாள்.
– வாசகர், கொளத்தூர்

பதில்: அந்த நீரில் மூல நீரைவிட உப்பு மிகுந்திருக்கும். தொடர்ந்து தொட்டிச் செடிகளுக்கு ஊற்றினால் மண்ணில் உப்புச் சேர்ந்து செடி வாடக்கூடும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். ஒரு குவளை குடிநீருக்கு எத்தனை குவளை வெளியேறுகிறது என்று உங்கள் மகளையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் நீரில் கரைந்த உப்பு ஏற்கெனவே லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், ஆர்.ஓ. தேவைதானா என்ற அடுத்த கேள்வியையும் அவளே கேட்பாள்.

கேள்வி: கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள்தாம் வந்துவிட்டனவே, இனி ஏரி எதற்கு என்று எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் வாதிடுகிறான். எனக்குச் சரியாக விடை சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், நீலாங்கரை

பதில்: அவன் வாதத்தில் நியாயம் உண்டு, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் நிலையங்கள் வந்தன. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் தரும் மற்றொன்று சேர்ந்தது. மழை பொய்த்த ஆண்டில் இவை இல்லாவிட்டால் நகரம் பட்டிருக்கும் பாடு மிகப் பெரிது.

ஆனால் கடல் நீரின் உப்பைப் பிரிக்க அதை மிக உயர்ந்த அழுத்தத்தில் சவ்வுகளின் வழியே தள்ள வேண்டும். ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். நெம்மேலி நிலையங்கள் ஒரு நாளில் தரும் நன்னீருக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று அவனே பெருக்கிப் பார்க்கட்டும். உள்ளே எடுத்த நீரில் பாதிக்கும் மேலானது, உப்புச் செறிந்த கரைசலாக மீண்டும் கடலுக்கே போகிறது. அதைச் சரியாகப் பரவச் செய்து கலக்காவிட்டால் கரையோர மீன்வளம் பாதிக்கப்படும். மேலும், இந்த நிலையம் குடிநீர் மட்டுமே தரும். ஏரியோ நிலத்தடி நீரை ஊட்டுகிறது, வெள்ளத்தைத் தாங்குகிறது, கடல் நீர் நிலத்துக்குள் புகாமல் தடுக்க உதவுகிறது, பறவைக்கும் மீனுக்கும் இடம் தருகிறது. அதற்கு மின் கட்டணமும் இல்லை.

சொல்லி நம்ப வைப்பதைவிடச் செய்து பார்க்கட்டும். அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் கடல் நீரை ஊற்றி, நடுவில் ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுகக் கட்டி, தாளின் நடுவில் ஒரு கூழாங்கல்லை வைத்து வெயிலில் விடுங்கள். ஆவியாகித் தாளில் படிந்து வழியும் நீர் கிண்ணத்தில் சொட்டும். காலை ஒன்பது மணிக்கு வைத்து மாலை ஐந்து மணிக்கு எடுத்து, கிண்ணத்தில் எத்தனை மில்லிலிட்டர் சேர்ந்தது என்பதையும், அந்த எட்டு மணி நேரத்தில் அவன் எவ்வளவு நீர் குடித்தான் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.